காக்கிக்குள் ஒரு கைதி



நாமக்கல் கோட்டையடியில் நமது கூட்டம் நடக்கும்போதெல்லாம், மேடையிலிருந்து ஒருவரைப் பார்க்கிறேன். நீங்கள் சிரிக்கும்போது அவர் சிரிப்பதில்லை. நீங்கள் கைதட்டும்போது அவர் கை தடியை விட்டு அகல்வதில்லை. காக்கி அணிந்த காவலர்! நம்மைக் கண்காணிக்க வந்தவர் என்று நினைக்கிறோமே, அவரைப் பிணித்திருக்கும் சங்கிலியை எண்ணிப் பார்த்தோமா?

வரி வசூலுக்காக உழவரை வதைத்த கொடுமையைச் சென்னைச் சித்திரவதை விசாரணைக் குழு 1855-ல் அம்பலப்படுத்திற்று. 1857-ல் எழுந்த கிளர்ச்சியோ ஆட்சியையே நடுங்க வைத்தது. 1859-ல் பிறந்தது சென்னை மாவட்டக் காவல் சட்டம். 1861-ல் வந்தது இந்தியக் காவல் சட்டம்.

என்ன கூறின அவை? கடமை தவறிய காவலருக்கு மூன்று மாதச் சம்பளம் வரை அபராதம். அல்லது மூன்று மாதம் வரை சிறை! 1861-ஆம் ஆண்டுச் சட்டம், காவலர் எந்நேரமும் பணியிலிருப்பவரே என்றது. அமைதி குலையுமென அஞ்சினால், ஊராரையே தனிக் காவலராக்கலாம் என்றது; மறுத்தால் ஐம்பது ரூபாய் வரை அபராதம்! 1905-ல் வங்கப் பிரிவினையை எதிர்த்த ரங்பூர்ப் பெரியவர்களைத் தனிக் காவலராக்கி அவமதித்தனர். காலம் மாறிற்று, கருத்து மாறிற்றா? சத்தீஸ்கரில் பழங்குடி இளைஞரைத் தனிக் காவலராக்கி மாவோயிஸ்டுகள் முன் நிறுத்தியது அரசமைப்புக்கு முரண் என்று உச்சநீதிமன்றம் 2011-ல் தடுக்க வேண்டியதாயிற்று.

மோகனூரில் காவல்துறையில் பணியாற்றியவரின் மகன்தான் நாமக்கல் கவிஞர் இராமலிங்கம். 1930-ல் வேதாரண்யம் சென்ற உப்புத் தொண்டர்கள் அவர் பாட்டைப் பாடி நடந்தனர். அவர்கள்மீது தடி பாய்ந்தது. தடி ஏந்தியவரும் ஏழை வீட்டுப் பிள்ளைதான். ஏவியது எது? மேலே பணி, கீழே அடி என்ற அந்தச் சட்டம்!

வெள்ளையன் போனான், சட்டம் போகவில்லை. ‘தமிழ்நாடு’ என்று பெயர் மாற்றிக்கொண்டு நிற்கிறது 1859. காவலர் சங்க உரிமைக்கு 1966-ல் மேலும் ஒரு பூட்டு. வாரத்தில் ஒருநாள் ஓய்வென்று தமிழ்நாட்டில் ஆணை பிறக்க 2021 ஆயிற்று!

“சங்கம் தந்தால் கட்டுப்பாடு குலையுமே” என்பர். அச்சத்தால் காத்த கட்டுப்பாடு எதைத் தந்தது? 2020-ல் சாத்தான்குளத்தில் காவலில் வதைபட்டுத் தந்தையும் மகனும் மாண்டனர். சித்திரவதையை ஒழிக்கப் பிறந்ததாகச் சொன்ன சட்டம், 161 ஆண்டுகளுக்குப் பின்னும் அதை ஒழிக்கவில்லை. ஏன்? மேலதிகாரிக்கு அஞ்சக் கற்பித்தது. மக்களுக்குப் பதில் சொல்லக் கற்பிக்கவில்லை.

தவறு செய்த காக்கிக்குத் தண்டனை கேட்போம், தயங்காமல். உழைக்கும் காக்கிக்கு உரிமை கேட்போம், அதே குரலில். இரண்டும் சேர்ந்த புதிய சட்டமே நமது கோரிக்கை. அது வரும் நாளில், கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் அந்தத் தோழர், பணி முடிந்த பின் நம்மோடு அமர்ந்து கைதட்டட்டும்!