கண்ணால் கேட்கிறவர்கள்

தோழர் ஒருவரின் மகன். கல்லூரியில் படிக்கிறான். ராத்திரி பகலாகக் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு ஹெவி மெட்டல் கேட்கிறவன். சும்மா இருக்காமல், 'நானும் ஒரு காலத்துல கேட்டவன்தான் தம்பி' என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். உடனே திரும்பினான். 'அதுல நீங்க எந்தப் பிரிவு மாமா?'

சுருக்கென்று இருந்தது. இந்தக் கேள்வியை வேறு தொனியில் கேட்டுப் பழகிய காது இது. ஊர் எது, தெரு எது, குலசாமி எது என்று சுற்றிச் சுற்றிக் கடைசியில் அங்கேதானே வந்து நிற்பார்கள். பையன் பாவம், பாட்டைத்தான் கேட்டான். விரல்விட்டு எண்ணிக் காட்டினான். த்ராஷ் என்றால் வேகம். டூம் என்றால் சவ ஊர்வலம் மாதிரி ஊர்ந்து போவது. டெத் என்றால் அடித்தொண்டை உறுமல். பிளாக் என்றால் உச்சத்தில் கிறீச்சிடல். (நடுவில் கலப்பு உண்டு, கலப்புக்கும் தனித்தனிப் பேரு.) எது அசல், எது போலி என்று அடிதடி வேறு.

இதையும் சாதி என்று எழுதிவிடலாம். கைதட்டல் கிடைக்கும். நான் எழுத மாட்டேன். காலையில் த்ராஷ் ரசிகனாக எழுந்தவன் ராத்திரி டூம் ரசிகனாகப் படுக்கலாம். எவனும் வந்து குடிசையைக் கொளுத்த மாட்டான். வாசிக்கிறவர்களும் கேட்கிறவர்களும் தங்களுக்குள் வைத்துக்கொள்கிற பேரு அது. டீக்கடைச் சண்டை. பிரச்சனை வாசலில் இருக்கிறது. உள்ளே இருபது அறை இருக்கட்டும். வாசலில் நிற்கிறவன் பாட்டைக் கேட்டு உள்ளே விடுகிறானா, ஆளைப் பார்த்து விடுகிறானா?

1992இல் அமெரிக்காவில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கறுப்பர்கள் சேர்ந்து நடத்திய குழு 'பாடி கவுண்ட்'. பாடகர் ஐஸ்-டி. அவர் ஏற்கெனவே ராப் பாடிப் பேர் வாங்கியவர். கிதார் வாசித்த எர்னி சி அவரோடு ஒரே பள்ளியில் படித்தவர். அந்த வருடம் மார்ச்சில் இவர்களின் முதல் தட்டு வந்தது. கர்ஜிக்கிற கிதார்கள், இடி மாதிரி டிரம்ஸ், தொண்டை கிழியக் கத்தல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மெட்டல். கொஞ்சம் பங்க் கலந்த மெட்டல். அதில் ஒரு பாட்டு 'காப் கில்லர்'. போலீஸ் அடி தாங்காமல் வெறி பிடித்த ஒருவன் திருப்பிக் கொல்லக் கிளம்புவதாக அவன் வாயாலேயே பாடுவது.

ஏப்ரல் 29 அன்று, ரோட்னி கிங் என்ற கறுப்பரை நடுரோட்டில் போட்டு அடித்த போலீஸ்காரர்கள் வழக்கில் தீர்ப்பு வந்தது. அடித்ததை ஒருவர் வீடியோ எடுத்து ஊரே பார்த்திருந்தது. கறுப்பர் ஒருவர்கூட இல்லாத ஜூரி அவர்களை விட்டுவிட்டது. நகரம் பற்றி எரிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஜூனில் டெக்சாஸ் போலீஸ் சங்கம் ஒன்று, பாட்டை வெளியிட்ட டைம் வார்னர் கம்பெனியைப் புறக்கணிக்கச் சொன்னது. துணை ஜனாதிபதி டான் குவைல் கண்டித்தார், ஜனாதிபதி புஷ்ஷும் கண்டித்தார். ஜூலையில் நடந்த பங்குதாரர் கூட்டத்தில் நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன் எழுந்து நின்று பாட்டு வரிகளை உரக்க வாசித்தார். ஜூலை கடைசியில் ஐஸ்-டி தானே அந்தப் பாட்டைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டார்.

பாட்டு நியாயமா, அநியாயமா என்று நாள் முழுக்கப் பேசலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தக் கூச்சல் முழுக்க அதற்கு வைத்த பேரு 'ராப் பாட்டு'. 'அய்யா, இது ராக், காது கொடுத்துக் கேளுங்க' என்று ஐஸ்-டி மேடைக்கு மேடை சொல்லிப் பார்த்தார். 'ராப்' என்று சொன்னால் போதும், பாட்டைக் கேட்காமலே வெள்ளைக்காரர்கள் பயந்துகொள்வார்கள், அதனால்தான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்றும் சொன்னார். கிதாரை அவர்கள் கேட்கவே இல்லை. தோலைப் பார்த்தார்கள், பேர் எழுதிவிட்டார்கள்.

அதே தட்டில் இன்னொரு பாட்டு இருக்கிறது, 'தேர் கோஸ் த நெய்பர்ஹுட்' என்று. என்னைக் கேட்டால் அதுதான் நல்ல பாட்டு. வெள்ளைக்காரத் தெருவில் ஒரு கறுப்புக் குடும்பம் வீடு எடுத்துக் குடிவந்தால் 'போச்சு, தெருவே போச்சு' என்று அக்கம்பக்கம் முணுமுணுக்குமே, அந்தப் பேச்சைத்தான் தலைப்பாக்கியிருக்கிறார்கள். தெருவுக்குப் பதில் இங்கே ராக் மேடை. கறுப்பன் கிதாரோடு ஏறினால் முகம் சுளிக்கிறவனின் குரலிலேயே பாடுகிறார்கள். நமக்கு இதற்கு உரை எழுத வேண்டியதில்லை.

கறுப்பன் மெட்டல் மேடைக்குப் புதிதாக வந்தவனும் இல்லை. கிளீவ்லாண்டு நகரத்தில் 'பிளாக் டெத்' என்ற முழுக் கறுப்பர் குழு 1984இலேயே மெட்டல் தட்டு போட்டிருக்கிறது. நியூயார்க்கில் வெர்னான் ரீட், கிரெக் டேட், கொண்டா மேசன் மூவரும் 1985இல் 'பிளாக் ராக் கோயலிஷன்' என்று சங்கமே வைத்தார்கள். ராக் வாசிக்கிற உரிமைக்குச் சங்கம்! ராக்குக்குத் தாயான புளூஸ் யாருடையது என்று யோசித்தால் சிரிப்புத்தான் வரும்.

இந்த வாசலைக் கட்டியது வியாபாரம். 1920இல் மேமி ஸ்மித் என்ற கறுப்புப் பாடகியின் 'கிரேசி புளூஸ்' தட்டு விற்று தீர்ந்தது. கறுப்பர்களும் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்பது அப்போதுதான் கம்பெனிகளுக்கு உறைத்தது. உடனே தனிப் பட்டியல் போட்டார்கள். பேரு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', இனத் தட்டுகள். (அந்தச் சொல்லைக் கறுப்பர்களே அன்று பெருமையாகச் சொன்னதும் உண்டு, அது வேறு கதை.) தெற்கத்திக் கிராமத்து ஏழை வெள்ளையர் பாடினால் 'ஹில்பில்லி' என்று இன்னொரு பட்டியல். அதே கிதார், சில சமயம் அதே பாட்டேகூட. வாயின் நிறத்தைப் பொறுத்து அலமாரி மாறும். பில்போர்டு பத்திரிகை 1949இல் 'ரேஸ்' என்பதை எடுத்துவிட்டு 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று போட்டது. பேரு மாறியது, தனி அலமாரி அப்படியே இருந்தது.

அலமாரியைத் தாண்டிச் சரக்கு மட்டும் போய்க்கொண்டே இருந்தது. வில்லி டிக்சன் எழுதி மடி வாட்டர்ஸ் பாடிய புளூஸ் பாட்டு ஒன்றிலிருந்து இங்கிலாந்தின் லெட் செப்பலின் எடுத்தாண்டது 1969இல். டிக்சன் வழக்குப் போட்டு 1987இல்தான் சமரசம் ஆனது. எழுதியவனுக்குத் தன் பேரைத் தன் பாட்டில் போட வைக்கப் பதினெட்டு வருசம்.

அதற்காக இங்கிலாந்துக்காரர்கள் எல்லோரும் திருடர்கள் என்று முடித்துவிடவும் முடியாது. பர்மிங்காம் நகரத்து ஆஸ்டன் பகுதி, ஆலைத் தொழிலாளிகள் குடியிருந்த பகுதி. பிளாக் சபாத் குழு 1968இல் அங்கேதான் உருவானது. ஆரம்பத்தில் அவர்களும் புளூஸ்தான் வாசித்தார்கள். பாடகர் ஆசி ஆஸ்போர்ன் மாடு அறுக்கும் கூடத்தில் வேலை பார்த்தவர், திருட்டு வழக்கில் சிறைக்குப் போனவர். (2025 ஜூலையில் செத்தார், பதினேழு நாள் முன்புதான் அதே ஆஸ்டனில் கடைசியாகப் பாடினார்.) கிதார்க்காரர் டோனி அயோமி தகடு வெட்டும் பட்டறையில் வேலை பார்த்தார். பதினேழு வயசு. வேலையை விட்டு நிற்கிற கடைசி நாள். வலது கையின் ரெண்டு விரல் நுனியை இயந்திரம் தின்றுவிட்டது. அவர் இடதுகைக்காரர், அதனால் தந்தியை அழுத்துகிற விரல்களே போயின. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய தந்தி கட்டினார். பிறகு தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் கீழே இறக்கினார். ஹெவி, ஹெவி என்று உலகம் கொண்டாடுகிற கனத்தில் ஒரு பங்கு அந்த இயந்திரத்தின் கணக்கில் எழுத வேண்டியது. 1970இல் முதல் தட்டு வந்தபோது விமர்சகர்கள் காறித் துப்பினார்கள். தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வாங்கினார்கள். 'ஹெவி மெட்டல்' என்ற பேரை ஆசிக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை.

கீழே இருந்து வந்ததாலேயே ஒரு இசை கடைசிவரை கீழே இருப்பவன் பக்கம் நிற்கும் என்று நம்பிவிடவும் கூடாது. 'பிளாக் மெட்டல்' என்பது நியூகாசிலின் வெனம் குழு 1982இல் தன் தட்டுக்கு வைத்த தலைப்பு. அதை நார்வே நாட்டுப் பையன்கள் எடுத்துக்கொண்டார்கள். உலகத்தின் வசதியான நாடுகளில் ஒன்று அது. 1992 ஜூனில் ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் எரிந்தது, தொடர்ந்து பல தேவாலயங்கள். 'மதத்துக்கு எதிரான கலகம்' என்று இதற்குப் பொழிப்புரை எழுதுகிறவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். அதே ஆகஸ்டில் லில்லிஹாமர் நகரத்தில், ஒரு பேர்பெற்ற குழுவின் டிரம்ஸ்காரன் ஒருபால் விருப்பம் கொண்ட ஒரு மனிதரைக் குத்திக் கொன்றானே, அது எந்த மதத்துக்கு எதிரான கலகம்? 1993இல் சக இசைக்காரனைக் கொன்று சிறைக்குப் போன இன்னொருவன் வெளிப்படையாக இனவெறி எழுதினான். பேரில் 'பிளாக்', ஆள் வெள்ளை, எழுத்து நாஜி. இதையும் மெட்டல் கணக்கில் எழுதித்தான் ஆகவேண்டும். அதே கணக்கில், பர்மிங்காமை ஒட்டிய ஆலைப் பகுதியில் வளர்ந்த ஜூடாஸ் பிரீஸ்ட் பாடகர் ராப் ஹால்ஃபோர்டு, தான் ஒருபால் விருப்பம் கொண்டவன் என்று 1998இல் தொலைக்காட்சியிலேயே சொன்னதையும் எழுத வேண்டும்.

ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் மெட்டல் ரசிகர்கள் பெரிய கூட்டம். அவர்களுக்கு அங்கே 'மரோக்' என்று பேரு, தாங்களே வைத்துக்கொண்டது. தோல் சட்டை, தோல் கால்சட்டை, கவ்பாய் தொப்பி, தோட்டா செருகிய பெல்ட். மாடு மேய்க்கிற நாடு, தோலுக்கா பஞ்சம்? 2010ஐ ஒட்டிய வருடங்களில் புகைப்படக்காரர்கள் போய் அழகழகாகப் படம் எடுத்தார்கள். உலகப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாகப் போட்டன. உடை பற்றி எழுதினார்கள், தொப்பி பற்றி எழுதினார்கள். ஸ்கின்ஃபிளிண்ட் குழு ஆப்பிரிக்கத் தொன்மக் கதைகளை மெட்டலில் எப்படிப் பாடுகிறது என்று எழுதியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அமெரிக்காவில் கறுப்பனைக் கண்ணால் கேட்டு விரட்டினார்கள். இங்கே கண்ணால் கேட்டுப் பாராட்டுகிறார்கள்.

காலஹாரி பாலைவனத்து ஊர் கான்சி. 'ஓவர்த்ரஸ்ட்' என்ற டெத் மெட்டல் குழு அந்த ஊர்க்காரர்களுடையது. 2016இல் ஜெர்மனியின் வாக்கன் விழா மேடைவரை போனவர்கள். பேஸ் வாசித்து உறுமுகிற தலைவரின் மேடைப் பேரு வல்ச்சர் த்ரஸ்ட். அவருக்கு வேலை போலீஸ் உத்தியோகம்.

பாடி கவுண்ட் குழு 2021இல் கிராமி விருது வாங்கியது. சிறந்த மெட்டல் வாசிப்புக்காக, ராப் வகையில் அல்ல. 'காப் கில்லர்' பழைய தட்டில் இன்னும் திரும்பச் சேர்க்கப்படவில்லை.

இதையெல்லாம் பையனிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். கான்சி போலீஸ்காரர் கதைக்கு வந்ததும் நிறுத்தினான். 'பாட்டு எப்பிடி இருக்கும் மாமா?' என்றான். அவன் செல்போனிலேயே தேடி எடுத்தான். ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு கேட்டோம்.