மஞ்சள் தேமலுக்கு உரம் மருந்தாகுமா?

உளுந்து விதைத்து 25 நாள் ஆகியிருக்கும். வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் புள்ளி விழுந்த இலைகள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பஞ்சகவ்யா அடிக்கச் சொல்வார். கடைக்காரர் இயற்கை உரம் என்று ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுவார். ராசிபுரம், ஆத்தூர் பக்கம் பயறு போடும் உங்களில் பலருக்கு இது பழகிய காட்சி.

துவரை, உளுந்து, மசூர் உற்பத்தியைப் பெருக்க ரூ.11,440 கோடியில் தற்சார்பு பயறு இயக்கத்தை மத்திய அரசு 2025 அக்டோபரில் தொடங்கியது. 2025-26 காரீப் பருவத்துக்கு உளுந்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.7,800. தேசிய இயற்கை வேளாண் இயக்கத்தின் கீழ் நாடு முழுவதும் 10,000 உயிரி இடுபொருள் வள மையங்களும் வரவிருக்கின்றன. விலையும் வருகிறது, இடுபொருளும் வருகிறது. எந்த இடுபொருள் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று விவசாயிக்குப் பிரித்துச் சொல்வதுதான் குறைவாக இருக்கிறது.

செடிக்குள் புகுந்த வைரஸை எந்த உரமும் கொல்லாது. இயற்கை உரமானாலும் ரசாயன உரமானாலும் இதுதான் நிலை. மஞ்சள் தேமலைப் பரப்புவது வெள்ளை ஈ. நோயுற்ற செடியில் சாறு உறிஞ்சிய ஈ, அடுத்தடுத்த செடிகளுக்கு வைரஸைக் கொண்டுபோகிறது. முதல் 30 நாளுக்குள் நோய் கண்ட செடியில் காய் பிடிப்பது அரிது. காய் முற்றும் நேரத்தில் வந்தால் இழப்பு குறைவு.

'பஞ்சகவ்யா தெளித்ததும் பச்சை திரும்பியதே' என்று நீங்கள் கேட்கலாம். சுண்ணாம்பு மிகுந்த நிலங்களில் இரும்புச்சத்துக் குறைவாலும் பயறு மஞ்சளாகும். அதில் நரம்பு பச்சையாக இருக்க, இளம் இலையின் இடைப்பகுதி ஒரே சீராக வெளுக்கும். இது ஊட்டம் கொடுத்தால் தேறும். இரும்பு சல்பேட் தெளிப்பே போதும். தேமலில் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்திருக்கும்; அந்த இலை மீண்டும் பச்சையாகாது. இந்த வேறுபாடு தெரியாமல்தான் பல பாட்டில்கள் பேர் வாங்கியிருக்கின்றன.

நாமக்கல் பகுதிக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. கோழிப்பண்ணை எரு இங்கே எளிதில் கிடைக்கிறது. மானாவாரி உளுந்துக்கு ஏக்கருக்குத் தேவையான தழைச்சத்து 5 கிலோ, இறவைக்கு 10 கிலோ. ஒரு டன் கோழி எருவில் 20 கிலோவுக்கு மேல் இருக்கும். மட்காத எருவை அள்ளிக் கொட்டினால் செடி தளதளவென்று வரும். அந்த இளந்தழையைத் தேடி வெள்ளை ஈயும் வரும். நன்கு மட்கிய தொழுவுரமும் ரைசோபியம் விதை நேர்த்தியும் பயறுக்குப் போதும்.

இயற்கை வழியில் பலன் தருபவை ஈயைக் குறிவைப்பவைதான். ஏக்கருக்கு 5 மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள். சோளத்தை நெருக்கமாக ஓரப்பயிராக விதையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 மில்லி வேப்ப மருந்தோ, விதைத்த 30ஆம் நாள் 10 சதவீத நொச்சி இலைச் சாறோ தெளிக்கலாம். இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்க வேண்டும். ஈ தங்குவது அங்கேதான். முதல் மாதம் முழுவதும் நோய்ச் செடியைக் கண்டதும் காலை வேளையில் பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். செலவில்லாத இந்த வேலையைத்தான் பலரும் தள்ளிப்போடுகிறார்கள். பத்துச் செடி போகிறதே என்று பார்த்தால் வயலே போகும்.

பூச்சியைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லி விற்கும் மருந்துக்கு 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு வேண்டும். வேப்ப மருந்துக்கும் இது பொருந்தும். பாட்டிலில் பதிவு எண்ணைப் பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள். 'உரம்' என்று அச்சிட்டுவிட்டு 'வைரஸ் போகும்' என்று வாயால் சொன்னால் நம்ப வேண்டாம். வரவிருக்கும் மையங்களும் தங்கள் கரைசல்கள் ஊட்டமா, பூச்சி விரட்டியா என்று பிரித்து எழுதியே கொடுக்க வேண்டும்.

மரவள்ளித் தேமல் உளுந்துக்குத் தாவிவிட்டது என்றும் சிலர் பயப்படுகிறார்கள். இரண்டையும் வெள்ளை ஈதான் பரப்புகிறது, வைரஸ்கள் வேறு.

கையில் இருக்கும் பணத்தை முதலில் விதையில் போடுங்கள். புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையத்தின் வம்பன் 8, வம்பன் 10, வம்பன் 11 ரகங்கள் மஞ்சள் தேமலைத் தாங்குபவை. சேலத்தில் சந்தியூரிலும், நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் உள்ளன. விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே விசாரித்து வையுங்கள்.