ஆழ்கடல் மௌனம் என்று யார் சொன்னது?

'ஆழ்கடலின் மௌனம்' என்ற சொற்சேர்க்கையை நம் கவிஞர்களிடமிருந்து கொஞ்ச நாளைக்குப் பிடுங்கி வைக்க வேண்டும். நானும் எழுதியவன்தான், கல்லூரி நோட்டில் இன்னும் இருக்கும். மேலே அலை, கீழே சலனமற்ற இருள், அங்கே தியானத்தில் உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒன்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடலடியில் சுரங்கம் தோண்டக் கிளம்பியிருப்பவர்களுக்கும் இதே படம்தான் தேவை. "அங்கே என்ன சார் இருக்கு, வெறும் சேறு, பாலைவனம்." கவிஞன் மௌனம் என்பதை அவர்கள் காலிமனை என்கிறார்கள். அடியில் இருப்பது ஒரே பொய்: கீழே எதுவும் நகர்வதில்லை.

இந்தப் பொய் கிட்டத்தட்ட 180 வருஷப் பழசு. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற பிரிட்டிஷ் இயற்கை ஆய்வாளர் 1841-42இல் ஏஜியன் கடலின் அடியை வாரி எடுத்துப் பார்த்தார். ஆழம் கூடக் கூட உயிர்கள் குறைந்துகொண்டே வந்தன. அவருடைய வாரி சுமார் 420 மீட்டர் வரைதான் போனது. அவரோ கோட்டை இன்னும் கீழே நீட்டி, 300 பாகத்துக்கு அப்பால், அதாவது ஏறக்குறைய 550 மீட்டருக்குக் கீழே, உயிரே இருக்காது என்று முடிவு கட்டினார்.

ஃபோர்ப்ஸ் முட்டாள் இல்லை. பார்த்ததைச் சரியாகத்தான் பார்த்தார், போன கடல்தான் தப்பு. மத்தியதரைக் கடலுக்குள் ஜிப்ரால்டர் வழியாக அட்லாண்டிக்கின் மேல்நீர் வருகிறது. அதில் சத்து ஏற்கெனவே குறைவு. அடியில் இருக்கும் சத்துள்ள நீர் அதே வாசல் வழியாக வெளியே போய்விடுகிறது. கிழக்குக் கோடிக்கு வந்து சேர்வதற்குள் தண்ணீரில் மிச்சம் ஒன்றும் இல்லை. மேலே நுண்பாசி வளராவிட்டால் கீழே விழ என்ன இருக்கும்? ஒரு நீரோட்டம் உண்டாக்கிய பட்டினியை அவர் ஆழத்தின் கணக்கில் எழுதிவிட்டார். எங்கள் தொழிலில் இது தினம் நடக்கும். லாகில் ஒன்றும் வரவில்லை, அதனால் புரோகிராம் ஓடவில்லை என்று ஒருவர் அடித்துச் சொல்வார். லாகே வேறு சர்வரில் இருக்கும்.

1868இல் 'லைட்னிங்' என்ற ஓட்டைக் கப்பல் வைவில் தாம்சனையும் வில்லியம் கார்ப்பென்டரையும் ஏற்றிக்கொண்டு ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஃபாரோ தீவுகளின் பக்கம் போனது. சுமார் 500 பாகம் ஆழத்தில் ஓரிடத்தில் தண்ணீர் ஏறத்தாழ உறைநிலையில் இருந்தது. இன்னோர் இடத்தில், கிட்டத்தட்ட அதே ஆழத்தில், பல டிகிரி சூடு கூடுதல். இரண்டு இடத்திலும் உயிர்கள் இருந்தன, ஆனால் ஆட்கள் வேறு வேறு. இடையில் கடலடியில் ஒரு மேடு இருக்கிறது என்பது 1880களில்தான் உறுதியானது. மேட்டுக்கு வடக்கே நார்வே கடலின் குளிர்நீர், தெற்கே அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர். இருட்டு ஒன்று, அழுத்தம் ஒன்று. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் வேறு, அதனால் குடியிருப்போரும் வேறு.

யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை. கடற்பஞ்சும் பவளமும் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொண்டதுதான். சாப்பாடு, ஆக்சிஜன், பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வரும் குஞ்சுகள், எல்லாம் நீரோட்டம் கொண்டுவந்து போட வேண்டும். வேகமாக ஓடும் இடத்தில் வண்டல் தங்காது, பாறை துலங்கும், பவளம் உட்காரும். மெதுவாகும் இடத்தில் சேறு படியும், வளை தோண்டும் புழுக்கள் வரும். ஓமன் கரைச்சரிவில் 400 மீட்டரில் ஆக்சிஜன் ஏறத்தாழ இல்லை. அங்கே புழுக்கள் எக்கச்சக்கம், இனங்கள் சொற்பம். இன்னும் கீழே இறங்கினால் இனங்கள் *கூடுகின்றன*. ஃபோர்ப்ஸின் கோடு தலைகீழ்!

மௌனப் பிரியர்களுக்கு இன்னொன்று. கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கு அப்பால், 4,800 மீட்டர் ஆழத்தில், 1980களில் கருவிகளை இறக்கி அளந்தார்கள். அங்கே புயல் அடிக்கிறது. நாள்கணக்கில், கடலடிச் சேற்றையே கிளப்பிவிடும் நீர்ப்புயல்.

இப்போது வரைபடத்துக்கு வருவோம். மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் மாங்கனீசு உருண்டைகளை ஆராயும் உரிமை இந்தியாவிடம் இருக்கிறது. 2021இல் சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் தன் 'வராஹா' இயந்திரத்தை 5,270 மீட்டர் ஆழத்தில் ஓட்டிப் பார்த்தது. பொறியாளனாக எனக்கு அதில் பெருமைதான், மறைக்கவில்லை. என் சண்டை அந்த வரைபடத்தோடு. நேர்கோடுகளால் வெட்டிய கட்டங்கள், வீட்டுமனை லேஅவுட் மாதிரி. இது தோண்டுவதற்கு, அது பாதுகாப்பதற்கு. அம்புக்குறி ஒன்றுகூட இல்லை.

உருண்டையைப் பொறுக்க இயந்திரம் ஓடினால் மேல் சேறு கிளம்பும். கிளம்பிய சேற்றுக்குக் கட்டத்தின் எல்லை தெரியுமா? ஓட்டம் போகும் பக்கம் போகும், வடிகட்டிச் சாப்பிடும் உயிர்களின் மேல் படியும். உருண்டை என்பதே அங்கே பலருக்கு வீடு, சேற்றுக் கடலில் கால் ஊன்றக் கிடைக்கும் ஒரே கல். அது பத்து லட்சம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். பெரு நாட்டுக்கு அப்பால் 1989இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் சோதனைக்காகக் கடலடியை உழுதார்கள். 2015இல் போய்ப் பார்த்தபோது உழவுச்சால் அப்படியே இருந்தது. பசிபிக்கின் கிளாரியன்-கிளிப்பர்டன் பகுதியில் இதுவரை தென்பட்டிருக்கும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களில் பத்துக்கு ஒன்பதுக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை. பாலைவனமாம்!

"உன் லேப்டாப்பில் கோபால்ட் இல்லையா?" இருக்கிறது. அதைத் தட்டித்தான் இதை எழுதுகிறேன். கோபால்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விலையில் எதைச் சேர்க்காமல் விட்டீர்கள் என்று கேட்கிறேன். அந்தக் கட்டத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்தப் பருவத்தில் எந்தப் பக்கம் திரும்புகிறது, யாருடைய குஞ்சுகளை எங்கே கொண்டுபோய் விடுகிறது, இதையெல்லாம் வருஷக்கணக்கில் அளந்து பொதுவில் வையுங்கள். அதுவரை எந்த இயந்திரமும் வியாபாரத்துக்கு இறங்கக் கூடாது.

நம் கடற்கரையில் நீரோட்டத்துக்கு 'நீவாடு' என்று பெயர். வலையை எங்கே விடுவது என்று முடிவுசெய்யும் முன் நீவாடு பார்ப்பார்கள். கட்டம் போட்ட வரைபடத்தோடு வருகிற கனவான்களும் முதலில் அதைப் பார்த்துவிட்டு வரட்டும். கவிஞர்களுக்கும் அந்தச் சொல்லை இலவசமாகத் தருகிறேன். மௌனத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.