மே தினக் கிராமசபைக்குத் திரண்டு வாருங்கள்!



சென்னைக்குத் தெற்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்க 2013-இல் ஓர் ஆலை, 2024-இல் இன்னொன்று. முதலாவது நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், இரண்டாவது 15 கோடி. அதே கரையில் பேரூரில் மூன்றாவது: 40 கோடி! இத்தனையையும் இந்தக் கடல் தாங்குமா என்று கரையில் இருப்பவனிடம் யாராவது கேட்டார்களா?

"குடிக்கத் தண்ணி வேணாமா?" என்று நம் வாயை அடைக்கிறார்கள். வேண்டும்தான். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் எல்லாம் வறண்டபோது குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடியது நம் வீட்டுப் பெண்கள்தான். தாகத்தைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அந்தத் தாகத்தைக் காட்டி நம் தலையில் எதைக் கட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் உள்ள இதேபோன்ற ஆலை 10 கோடி லிட்டர் நன்னீர் தர 23.7 கோடி லிட்டர் கடல்நீரை உறிஞ்சுகிறது. மிச்சம் 13.7 கோடி லிட்டர், உப்பு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கான கழிவாகக் கடலுக்கே திரும்புகிறது. அதே கணக்கில் நெம்மேலி, பேரூர் ஆலைகள் மூன்றும் ஓடினால் தினமும் 89 கோடி லிட்டர் கழிவு! கடல்நீரைவிடக் கனமானது அது; சரியாகக் கலக்காவிட்டால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நண்டும் இறாலும் மேய்வது அங்கேதான். உறிஞ்சும் குழாய்க்குக் கம்பிவலை போட்டிருக்கிறோம் என்பார்கள். கண்ணுக்கு எளிதில் தெரியாத மீன்முட்டையை எந்தக் கம்பிவலை தடுக்கும்? நம் வலைக்கண் சிறுத்தால் மட்டும் சட்டம் பாய்ந்து வருகிறது.

சூளேரிக்காட்டுக் குப்பத்தில் போய்க் கேளுங்கள். நெம்மேலி ஆலை வந்தபின் கரை அரித்தது, கிணறு உப்பானது என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். ஊருக்கெல்லாம் நன்னீர் தரும் ஆலைக்குப் பக்கத்துக் குப்பம் அது!

காசுக் கணக்குக்கு வருவோம். மீஞ்சூர்த் தண்ணீரை 25 ஆண்டு வாங்கிக்கொள்ளச் சென்னைக் குடிநீர் வாரியம் ஒப்புக்கொண்ட தொடக்க விலை, ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு. பேரூருக்கு ஜப்பான் கடனோடு 4,276 கோடி ரூபாய். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரம் 2012-இல் முடித்த ஆலையிலிருந்து 2017 வரை தண்ணீரே வாங்கவில்லை. கட்டணத்தை மட்டும் தவறாமல் கட்டியது. நாளைக்கு நமக்கும் இதே கதிதான்.

ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். பேரூருக்கு மட்டும் தினம் 12 லட்சம் யூனிட்டுக்குக் குறையாது. அதில் நிலக்கரிக்குப் பெரிய பங்கு. அந்த நிலக்கரி எரிந்த சாம்பலை எண்ணூரில் கொசஸ்தலை ஆறு சுமக்கிறது. தெற்கே கடலைக் கெடுக்க வடக்கே ஆற்றைக் கெடுக்கிறார்கள்.

மாற்று வழி இருக்கிறது. சென்னையின் 426 சதுர கிலோமீட்டரில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. வகுத்துப் பார்த்தால் நாளுக்கு 160 கோடி லிட்டர்! எல்லாவற்றையும் பிடிக்க முடியாது, சரி. ஏரியையும் பள்ளிக்கரணைச் சதுப்பையும் தூர்த்து வீடு கட்டாமல் இருந்திருந்தால் எவ்வளவு தங்கியிருக்கும்? கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தலா நாலரைக் கோடி லிட்டர் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் ஆலைகள் நிற்கின்றன. அதைப் பெருக்கச் சொல்லுங்கள்!

திட்டம் பெரிது, நாம் சிறிது என்று எவனாவது முணுமுணுத்தால் கலிபோர்னியாவைக் காட்டுங்கள். ஹண்டிங்டன் கடற்கரை ஆலையை 2022 மே மாதம் அங்குள்ள கடற்கரை ஆணையம் ஒருமனதாக நிராகரித்தது. மக்கள் விடாமல் எதிர்த்தார்கள்.

மே 1 கிராமசபை. கரையோர ஊராட்சி ஒவ்வொன்றிலும் வீட்டுக்கு ஒருவர், பெண்கள் முன்வரிசையில். அங்கே கேளுங்கள்: கழிவு விழும் இடத்தில் உப்பின் அளவு மாதந்தோறும் எவ்வளவு? மின்கட்டணம் எவ்வளவு? அரித்த கரைக்கும் கெட்ட கிணற்றுக்கும் யார் பொறுப்பு? தகவல் உரிமை மனுவாகவும் இந்தக் கேள்விகளையே இன்றே அனுப்புங்கள். பதில் வரும்வரை இந்தக் கரையில் புதிய ஆலையோ விரிவாக்கமோ கூடாது என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். "பிறகு எழுதிக்கொள்கிறோம்" என்பார்கள், நம்பாதீர்கள். தீர்மானம் பதிவேட்டில் ஏறி, அதை வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.