முன்வரிசை பெண்களுக்கு, மேடை யாருக்கு?

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை காந்தி பூங்காவில் இடதுசாரிக் கூட்டம் என்றால் முன்வரிசை நாற்காலிகள் பெண்களால் நிறையும். ஊர்வலத்தின் முகப்பிலும் பெண்களே. மேடையை நோக்கினால் காட்சி மாறும்: வரிசையாக ஆண்கள், ஓரத்தில் ஒரு பெண். காரணம் கேட்டால் ஆயத்தமாக ஒரு விடை உண்டு: பெண் தோழர்கள் பொறுப்பேற்கத் தயங்குகிறார்களாம்! இது வரலாற்றைப் புரட்டும் விடை.

1938 அக்டோபரில், அப்பூங்காவிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தம்பானூரில் புறப்பட்டுக் கவடியார் அரண்மனை நோக்கிச் சென்ற பேரணிக்குத் தலைமை தாங்கியவர் அக்கம்மா செரியான். துப்பாக்கிகளுக்கு எதிரே நின்றவர் தயங்கினாரா? அவருடைய தங்கை ரோசம்மா புன்னூஸ் கம்யூனிஸ்டாகி, 1957இல் தேவிகுளத்தில் வென்று சட்டமன்றம் சென்றார். அவர் தயங்கினாரா?

அவ்வாண்டு பதவியேற்ற பதினொருவர் அமைச்சரவையில் ஒரே பெண் கே.ஆர்.கௌரி. குடியானவரை நிலத்திலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் அவசரச் சட்டம், பதவியேற்ற ஒரு வாரத்திற்குள், அவருடைய வருவாய்த் துறையிலிருந்து வந்தது. 1964இல் கட்சி பிளந்தபோது கணவர் டி.வி.தாமஸ் ஒரு பக்கமும் அவர் மறுபக்கமும் நின்றனர். கொள்கையில் கணவனைப் பின்தொடராத பெண்ணை உருவாக்கியது இயக்கமே. அது இயக்கத்தின் பெருமை. ஆனால் 1987 தேர்தலில் அவரே முதல்வர் என்று ஊரெங்கும் முழங்கிவிட்டு, வென்றபின் வேறொருவர் முதல்வரானார். 1957 முதல் 2021 வரை அமைந்த எந்தக் கேரள அமைச்சரவைக்கும் ஒரு பெண் தலைமை ஏற்றதில்லை.

ரோசம்மா வென்ற அதே தேவிகுளம் வட்டத்து மூணாறில், 2015 செப்டம்பரில் தமிழ்த் தேயிலைத் தொழிலாளிப் பெண்கள் சாலையை மறித்து அமர்ந்தனர். செங்கொடிச் சங்கத்தார் உள்ளிட்ட ஆண் தலைவர்களை அவர்கள் அண்டவிடவில்லை. போனசும் கருணைத் தொகையுமாக 20 விழுக்காடு பெற்றே எழுந்தனர். ‘பெம்பிளை ஒருமை’ என்ற அந்தப் பெயர் முதலாளிக்கு விடுத்த அறைகூவல் மட்டுமன்று; தொழிற்சங்கத் தலைமைகளுக்கு விடுத்த எச்சரிக்கையுமாகும். கிழக்கேகோட்டையின் துணிக்கடைகளில் நாள் முழுதும் நிற்கும் பெண்களுக்கு அமரும் உரிமையை 2018இன் சட்டத் திருத்தம் அளித்தது. அப்போராட்டத்தைக் கோழிக்கோட்டில் தொடங்கியவர்களும் கடைப் பெண்களே.

எனவே, தயங்குவது பெண்கள் அல்லர். இடம்விடத் தயங்கும் ஆண்களே. மாலை ஆறுக்குத் தொடங்கும் குழுக்கூட்டம் இரவு பத்துக்கு முடிகிறது. ஆண் தோழர் வீடு திரும்பினால் சோறு காத்திருக்கிறது. பெண் தோழர் திரும்பினால் அடுப்பு காத்திருக்கிறது. முதலில் வர்க்கப் போராட்டம், பெண்ணுரிமை பிறகு என்போர், அந்த அடுப்படி உழைப்பைச் சுரண்டலின் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

பெண்கள் வரத்தக்க நேரத்தில் கூட்டம், குழந்தைகளுக்குக் காப்பிடம், ஆண் தோழரின் வீட்டுவேலைப் பங்கு பற்றிக் கிளைகளில் ஒளிவற்ற சுயவிமர்சனம், குழுக்களில் பாதி இடம்: இவை சலுகைகள் அல்ல, இயக்கம் செலுத்த வேண்டிய கடன். மேடையில் நாற்காலிகளுக்குப் பஞ்சமில்லை, தோழர்களே! எழுந்து இடம் கொடுங்கள்.