மோட்டார் உறுமுது, ஆனா சுத்தல

மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை



"கவிதை போதும்ப்பா, நாற்பதுக்கு மேல வந்தாச்சு, யாராவது கட்டுரை கொடுங்க" என்று மலர்க்குழு நண்பர்கள் வகுப்பு வகுப்பாக வந்து கேட்டார்கள். கட்டுரை என்றால் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. போன வருடம் ஏழெட்டு மாதம் ஓர் இணையதளத்துக்குக் காசுக்குக் கட்டுரை எழுதினேன். கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்கிற மாதிரி எழுத வேண்டும், அதுதான் வேலை. அப்படி எழுதுவது எப்படி, எப்படி எழுதக் கூடாது என்பது பற்றி என் மனதில் பட்டதை இங்கே வைக்கிறேன். பிடிக்காதவர்கள் கேன்டீனில் வந்து திட்டலாம்.

முதலில் வீட்டுக் கதை கொஞ்சம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான் ஒருவன்தான். அப்பா மூன்றாம் வகுப்பு. அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. ஆகவே வீட்டில் எது கெட்டாலும் போனில் தேடத் தெரிந்த நான்தான் எஞ்சினியர்.

முதலாம் ஆண்டு முடிந்த விடுமுறை. ஒரு சாயங்காலம் அப்பா கிணற்று மேட்டிலிருந்து சத்தம் போட்டார். "கண்ணு, மோட்டாரு உறுமுது, ஆனா சுத்தல. அந்தப் போன்ல என்னன்னு பாத்துச் சொல்லு." ஐந்து குதிரைத்திறன் மும்முனை மோட்டார். எனக்கோ அப்போது மும்முனை என்றால் மூன்று ஒயர் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. தமிழில் "மோட்டார் பழுது" என்று அடித்தேன். முதலில் வந்த பக்கத்தைத் திறந்தால், மோட்டார் என்றால் என்ன என்று ஒரு பத்தி. மனித வாழ்வில் மோட்டாரின் முக்கியத்துவம் என்று இன்னொரு பத்தி. நடுவில் கடன் விளம்பரம், முடி உதிர்வுக்கு எண்ணெய். நான் கீழே கீழே தள்ளிக்கொண்டே போகிறேன். அதற்குள் அப்பா ஸ்டார்ட்டரை நாலு தடவை போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டார். அதில் இருந்த ஓவர்லோடு ரிலேயை யாரோ எந்தக் காலத்திலோ நேர் ஒயர் போட்டு விட்டிருந்தார்கள். "கன்டென்சரை மாற்றிப் பார்க்கவும்" என்ற வரிக்கு நான் வந்து சேர்ந்தபோது கருகல் வாசனையும் வந்து சேர்ந்தது.

காயில் கட்ட 4,500 ரூபாய். மஞ்சள் ஊன்றி இருபது நாள்தான் ஆகியிருந்தது. ஐந்து நாள் தண்ணீர் இல்லை.

நான்காம் பருவத்தில் அந்தப் பாடம் வந்தது. மூன்று பேஸில் ஒன்று போய்விட்டால் நின்றிருக்கும் மோட்டார் கிளம்பாது, உறுமும். மிச்ச இரண்டிலும் மின்னோட்டம் பல மடங்கு ஏறும். விட்டால் காயில் எரியும். உடனே ஆஃப் செய்ய வேண்டும். பிறகுதான் விஷயம் தெரிந்த ஆளை வைத்து மூன்று பேஸும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கன்டென்சர் சமாச்சாரமெல்லாம் ஒருமுனை மோட்டாருக்கு. கரும்பலகையில் ஆசிரியர் எழுதிய இரண்டே வரி. அந்த இரண்டு வரி அன்றைக்கு அந்தப் பக்கத்தின் தலையில் இருந்திருந்தால் 4,500 ரூபாய் மிச்சம்.

சரி, என் வேலைக்கு வருகிறேன். ஒரு வார்த்தைக்குப் பத்து பைசா. "இந்தச் சொல்லை வைத்து 1,500 வார்த்தை, அந்தச் சொல் 25 தடவை வரணும்" என்று வாட்ஸ்அப்பில் வரும். தமிழ் தெரிந்தவர்களுக்கு இதிலுள்ள கஷ்டம் உடனே புரியும். நம் மொழியில் ஒரு சொல் ஒரே உடுப்போடு நிற்காது. மோட்டாரை, மோட்டாரில், மோட்டாருக்கு என்று மாறிக்கொண்டே போகும். அவர்களுக்கோ கொடுத்த சொல் கொடுத்தபடியே வேண்டும். ஆகவே நான் எழுதிய ஒரு வாக்கியம் இது: "மோட்டார் பழுது ஏற்பட்டால் மோட்டார் பழுது காரணம் அறிந்து மோட்டார் பழுது நீக்கம் செய்யலாம்." எங்கள் தமிழாசிரியர் இதைப் படிக்காமல் இருக்கக் கடவது.

ஆமாம், அதே தலைப்பு ஒருநாள் எனக்கே வந்தது. நான் கட்டுரையின் முதல் வரியிலேயே "உறுமினால் உடனே ஆஃப் செய்யுங்கள்" என்று எழுதி அனுப்பினேன். பார்வையிடுகிறவர் அதைத் தூக்கிக் கடைசிப் பத்தியில் போட்டுவிட்டார். போன் செய்து கேட்டேன். "தம்பி, பதிலை முதல்லயே சொல்லிட்டா ஆளு போயிருவான். கீழ வரைக்கும் வந்தாத்தானே விளம்பரம் பார்ப்பான்" என்றார். அவர் கெட்டவர் இல்லை, பாக்கி வைக்காமல் காசு கொடுப்பவர். அந்தக் கட்டுரைக்கு 150 ரூபாய் வாங்கிக்கொண்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பரீட்சைக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அடுத்த வாரத்திலிருந்து எழுதவில்லை.

இப்படி 25 தடவை திணித்தால் மேலே வரும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? தேடுபொறி ஒவ்வொரு பக்கமாகப் போய்ப் படித்து, பாடப்புத்தகத்தின் கடைசியில் இருக்கிறதே சொல்லடைவு, அதைப்போல எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று குறித்து வைத்துக்கொள்கிறது. நாம் கேட்டதும் அந்த அடைவைப் பார்த்து எது முதலில், எது பின்னால் என்று வரிசைப்படுத்துகிறது. அல்டாவிஸ்டா வந்தது 1995-ல். அந்தக் காலத்தில் பக்கத்தில் சொல் எத்தனை தடவை வருகிறது என்பதற்குப் பெரிய மதிப்பு. உடனே நம் ஆட்கள் (உலகம் முழுக்க நம் ஆட்கள்தான்) வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒரே சொல்லை நூறு தடவை ஒளித்து வைத்தார்கள்.

1998-ல் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் ஸ்டான்போர்டில் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். அவர்கள் கண்டுபிடித்த வழி நம் ஊரில் ஏற்கெனவே உள்ளதுதான் என்பேன். காயில் கட்ட நல்ல கடை எது? பெரிய போர்டு வைத்த கடையை நாம் தேடிப் போவதில்லை. நாலு கிணற்றுக்காரர்கள் கைகாட்டும் கடைக்குப் போகிறோம். அந்த நாலு பேரில் ஊரே மதிக்கும் ஒரு பெரியவர் கைகாட்டினால் அதற்கு மதிப்பு கூடுதல். ஒரு பக்கத்தை வேறு எந்தெந்தப் பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டும் பக்கத்தின் தரம் என்ன என்று பார்த்தார்கள். அதையும் விட்டுவைத்தார்களா? சுட்டிகளை விலைக்கு விற்றார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் எலி பூனை விளையாட்டு. தேடுபொறிக்கு ஒரு பக்கமும் ஆளுக்கு வேறு பக்கமும் காட்டியதற்காக 2006-ல் பிஎம்டபிள்யூ கம்பெனியின் ஜெர்மன் தளத்தையே கூகுள் பட்டியலிலிருந்து தூக்கியது. பக்கத்தின் உள்ளே ஒளித்து எழுதும் குறிச்சொற்களை வரிசைப்படுத்தப் பார்ப்பதே இல்லை என்று 2009 செப்டம்பரில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. 2011 பிப்ரவரியில் 'பாண்டா' என்ற மாற்றம் வந்தபோது, தரமில்லாமல் ஆலையில் அரைத்த மாதிரி வந்த கட்டுரைகள் கீழே போயின, அமெரிக்காவில் 11.8 சதவீதத் தேடல்களில் அதன் பாதிப்பு தெரியும் என்று கூகுளே அறிவித்தது. 2012 ஏப்ரலில் 'பெங்குவின்', சொல் திணிப்பவர்களையும் சுட்டி வாங்குபவர்களையும் பார்த்துக்கொண்டது. 2022 டிசம்பரில், பக்கங்களை மதிப்பிடுவோருக்கான கையேட்டில் 'அனுபவம்' என்ற ஒன்றைச் சேர்த்தார்கள். எழுதியவர் அந்தப் பொருளைக் கையால் தொட்டவரா என்று பார்க்கச் சொல்கிறது கையேடு. இத்தனை வார்த்தை இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கே தங்களிடம் இல்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். என் 1,500 வார்த்தைக் கணக்கு யார் போட்டதோ!

"அப்படியானால் அந்த உதவாத மோட்டார் பக்கம் எப்படி முதலில் வந்தது?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் இதை ரொம்ப நாள் யோசித்தேன். பதில் கொஞ்சம் வெட்கமானது. தமிழில் அதைவிட நல்ல பக்கத்தை யாரும் எழுதவில்லை. போட்டியே இல்லாத பந்தயத்தில் நொண்டிக் குதிரைதான் முதலில் வரும். தேடுபொறியைக் குறை சொல்லி என்ன பயன், இருப்பதில்தானே அது பொறுக்க முடியும்? மும்முனை மோட்டாரைப் பற்றித் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கில் இருப்பார்கள். தெரிந்தவர் எழுதுவதில்லை. எழுதுகிறவன் என்னைப்போல் பத்து பைசாவுக்கு எழுதுகிறான்.

இங்கேதான் பாலிடெக்னிக் மாணவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது என்பது என் தாழ்மையான கருத்து. பாடப்புத்தகத்தில் மின்தேக்கி, அப்பாவுக்குக் கண்டன்சர், மெக்கானிக்குக் கப்பாசிட்டர். புத்தகத்தில் தாங்கி, பட்டறையில் பேரிங். புத்தகத்தில் உருகி, வீட்டில் பீஸ் போச்சு. தேடுகிறவர் தன் வாயில் வரும் சொல்லைத்தான் அடிப்பார். அந்தச் சொல் பக்கத்திலேயே இல்லாவிட்டால், எவ்வளவு சரியாக எழுதியிருந்தாலும் அவர் கண்ணில் படுவது கஷ்டம். புத்தகச் சொல்லும் பட்டறைச் சொல்லும் இரண்டும் தெரிந்தவர்கள் நாம். காலையில் வகுப்பில் ஒன்றைக் கேட்கிறோம், சாயங்காலம் வீட்டில் மற்றதைக் கேட்கிறோம்.

இந்த வருடம் நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரே ஒரு பக்கம் எழுதினோம். தலைப்பு, அப்பா கேட்ட கேள்வி அப்படியே: "மோட்டார் உறுமுது, ஆனா சுத்தல". முதல் வரி: முதலில் ஆஃப் செய்யுங்கள். அடுத்து ஏன் என்று ஆறு வரி. எது ஒருமுனை, எது மும்முனை என்று பார்த்ததும் தெரிகிற மாதிரி எங்கள் ஒர்க்‌ஷாப் மோட்டாரையே படம் எடுத்துப் போட்டோம். படத்தின் அளவைக் குறைத்தோம், கிணற்று மேட்டில் சிக்னல் இருக்காது. போடும் முன் ஒர்க்‌ஷாப் ஆசிரியரிடம் காட்டினோம். "டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்கவும்" என்று நாங்கள் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "எலக்ட்ரீசியனைக் கூப்பிடவும்" என்று மாற்றினார். ஈரக் காலோடு நிற்பவரிடம் அதைச் சொல்லலாமாடா என்று ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை இல்லாமல் மாணவர்கள் மின்சாரத்தைப் பற்றி எழுதவே கூடாது என்று இப்போது நினைக்கிறேன்.

இரண்டு மாதம் ஒருவரும் வரவில்லை. பிறகு ஒன்றிரண்டு பேர் வந்தார்கள். என்ன சொல்லை அடித்து வந்தார்கள் என்று காட்டும் கருவியைக் கூகுளே இலவசமாகத் தருகிறது. அதைத் திறந்து பார்த்தபோது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் அடைத்தது. பாதிப் பேர் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருந்தார்கள். மோட்டாருக்கு நாலு விதமான எழுத்து. ஒருவர் "மோட்டர் முனகுது" என்று கேட்டிருந்தார். முனகுது! எங்களுக்கு அந்தச் சொல் தோன்றவே இல்லை. அன்றே பக்கத்தில் சேர்த்தோம், ஒரே ஒரு தடவை.

"தமிழ்ப் பக்கத்துக்கு விளம்பரக் காசு வராது" என்பார்கள். ஆங்கிலத்துக்கு வருகிற அளவு வராது, உண்மை. எங்களுக்கு இதுவரை ஒரு பைசா வரவில்லை. இன்னொரு நண்பன் கேட்டது இதைவிடக் கனமானது: "இப்ப தேடினாலே மேல செயற்கை நுண்ணறிவு பதில் சொல்லிடுதே, உன் பக்கத்துக்கு எவன் வருவான்?" வராமலும் போகலாம். ஆனால் அந்தப் பதிலும் எங்கோ யாரோ எழுதி வைத்ததிலிருந்துதானே வருகிறது? மும்முனைக்காரரிடம் கன்டென்சரை மாற்றச் சொல்லும் பக்கம் மட்டுமே தமிழில் இருந்தால், அது எதை எடுத்துச் சொல்லும்? அவனுக்கு இதைச் சொன்னேன். முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

பக்கத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முதல் வரி முடிந்ததும், "இது போதுமே, மிச்சத்தை எதுக்கு எழுதின?" என்றார். மிச்சம் அடுத்த தடவை வராமல் இருக்கிறதுக்குங்கப்பா என்றேன். "அப்ப அதையும் படி" என்று திண்ணையில் காலை நீட்டிக்கொண்டார்.

பேரவைக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. ஒவ்வொரு துறையும் வருடத்துக்குப் பத்து பக்கம் எழுதட்டும், ஆசிரியர் பார்த்துத் திருத்தியதை மட்டும் போடுவோம். ஆட்டோமொபைல்காரர்களுக்குக் காலையில் கிளம்பாத வண்டி இருக்கிறது. சிவில்காரர்களுக்கு ஒழுகுகிற தளம் இருக்கிறது. நாங்கள் ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். வீட்டில் யாராவது எதையாவது கேட்டால், கேட்ட வார்த்தையிலேயே அதில் எழுதி வைக்கிறோம், திருத்துவதில்லை. இதுவரை 63 கேள்வி சேர்ந்திருக்கிறது. நோட்டு மின்னியல் ஒர்க்‌ஷாப்பில் டூல் அலமாரிக்கு மேல் இருக்கும். வருகிறவர்கள் பேனா கொண்டு வாருங்கள். கயிறு போட்டுக் கட்டியிருந்ததைப் போன வாரம் யாரோ கயிற்றோடு கொண்டுபோய்விட்டார்கள்.