பதினோரு பாகங்களில் ஒரு ஃபஸ் பெடல்

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட தொழிற்பேட்டைகளில் ரீஃப்ளோ அடுப்புகள் இரவு பகலாக ஓடுகின்றன. ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ரெசிஸ்டர்களை எந்திரம் எடுத்துப் போர்டில் வைக்கிறது. சுமார் 240 டிகிரி செல்சியஸ் சூட்டில் அடுப்பு அவற்றைப் பற்றவைத்துவிடுகிறது. பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் மின்னணு உற்பத்தித் தொகுப்பு, செல்போன் திரைக் கண்ணாடி ஆலை என வேலைகள் வளர்ந்துகொண்டே போகின்றன. 2024-25இல் தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 1,465 கோடி டாலர். இத்தனை நடக்கிற இடத்தில், அசெம்பிளி லைனில் நிற்கிற ஒரு பெண்ணோ பையனோ ஒரு மின்சுற்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை தன் கையாலேயே செய்து, அது வேலை செய்வதைக் காதால் கேட்க வழி இருக்கிறதா? அந்த வழியை ஏற்படுத்தித் தர வேண்டும். அதற்குக் கிதார் ஃபஸ் பெடலைவிடப் பொருத்தமான பொருள் கிடைப்பது அரிது.

ஃபஸ் என்ற பெயரை அறியாதவர்களும் அந்த ஒலியைக் கேட்டிருப்பார்கள். எலெக்ட்ரிக் கிதாரின் நாதம் தடித்து, கரகரத்து, நீண்டு நிற்குமே, அதுதான். அது பிறந்தது ஒரு பழுதிலிருந்து. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸின் பாட்டு ஒன்றைப் பதிவு செய்தபோது, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிதார், மிக்ஸிங் கன்சோலில் இருந்த கோளாறால் உடைந்து கரகரத்தது. அதை அழிக்காமல் விட்டுவைத்தார்கள். 1961இல் பாட்டு வெளிவந்ததும் எல்லாரும் அந்தச் சத்தம் எப்படி வந்தது என்று கேட்க ஆரம்பித்தனர். ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி அதே கரகரப்பை டிரான்சிஸ்டர்களைக் கொண்டு உண்டாக்கினார். கிப்சன் நிறுவனம் 1962இல் அதை ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பாட்டில் கீத் ரிச்சர்ட்ஸ் அதைப் பயன்படுத்திய பிறகு உலகமே அந்த ஒலியின் பின்னால் போனது. மறு ஆண்டு லண்டனில் வந்த ‘ஃபஸ் ஃபேஸ்’ பெடல், ஜிமி ஹென்ட்ரிக்ஸின் காலடிக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த ஃபஸ் ஃபேஸைத் திறந்து பார்த்தால் வியப்பாக இருக்கும். இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கண்டென்சர், இரண்டு திருகு கண்ட்ரோல். மொத்தம் பதினோரு பாகங்கள், ஒரு 9 வோல்ட் பேட்டரி, மிதிக்க ஒரு ஸ்விட்ச். கிதாரிலிருந்து வரும் மெல்லிய சிக்னலை டிரான்சிஸ்டர்கள் தங்கள் எல்லைக்கு மேல் பெருக்கப் பார்க்கின்றன. முடியாமல் அலையின் மேடும் பள்ளமும் தட்டையாகிவிடுகின்றன. அந்தத் தட்டையான விளிம்புகளில்தான் மூல சுரத்தில் இல்லாத புதிய மேல்சுரங்கள் பிறக்கின்றன. தம்புராவின் குதிரையில் தந்திக்கு அடியில் நூலைச் செருகி நாதத்தை விரியவைக்கிற நம் ஊருக்கு, தூய ஒலியில் கொஞ்சம் ரீங்காரத்தைச் சேர்ப்பதன் சுகம் புதிதல்ல.

வீட்டில் இதைச் செய்பவருக்கு முதல் பாடம் சூடு. பழைய ஃபஸ் ஃபேஸில் இருந்தவை ஏசி 128 அல்லது என்கேடி 275 ரக ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள். அவற்றில் ஒன்றை மல்டிமீட்டரில் செருகிவிட்டு, அதன் உலோகத் தொப்பியை இரண்டு விரலால் பிடித்தால் போதும். திரையில் எண் மெல்ல ஏறத் தொடங்கும். உடல் சூட்டுக்கே அது அசைகிறது. ஜெர்மேனியத்தில் கசியும் மின்னோட்டம் ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இரட்டிப்பாகிறது. லண்டனின் 20 டிகிரியில் ஒழுங்காகப் பாடிய சுற்று, 40 டிகிரி தொடும் நம் சித்திரை வெயிலில் நான்கு மடங்கு கசிவோடு போராட வேண்டும். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் பேட்டரியின் பாதி, அதாவது சுமார் 4.5 வோல்ட், நின்றால் சத்தம் நன்றாக இருக்கும். அது விலகினால் நாதம் திக்கும். ரெசிஸ்டருக்குப் பதில், திருகி மதிப்பை மாற்றக்கூடிய ஒரு பிரீசெட்டைப் போட்டு, ஸ்க்ரூ டிரைவரால் இம்மி இம்மியாகத் திருப்பி அந்த 4.5ஐப் பிடிக்கிறபோது, பயாஸ் என்றால் என்ன என்பது பாடப்புத்தகத்தின் உதவியில்லாமலே விளங்கிவிடும்.

பழைய பாகம் போட்டால்தான் பழைய ஒலி வரும் என்று ஜெர்மேனியத்துக்கு அதிக விலை கொடுப்பவர்கள் உண்டு. அந்த மோகம் இங்கே தேவையில்லை. 1960களின் கடைசியில் ஃபஸ் ஃபேஸே சிலிக்கனுக்கு மாறியது. பிசி 108 ரக சிலிக்கன் டிரான்சிஸ்டர் நம் வெயிலைத் தாங்கும். அதன் உறவுக்கார ரகங்கள் சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். ஜெர்மேனியம்தான் வேண்டுமென்றால் பரணில் கிடக்கும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பிரித்துப் பார்க்கலாம். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1962லேயே ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களைச் செய்யத் தொடங்கிய நிறுவனம். உதிரிபாகங்களை உள்நாட்டிலேயே செய்ய 2025 மார்ச்சில் ஒன்றிய அரசு 22,919 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது நல்ல செய்தி. ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு முன் கையில் இருந்த திறமையைத்தான் மறுபடி தேடுகிறோம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் தடத்துக்கு அந்த நினைவு கூடுதலாகவே தேவை. இங்கே 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வேலையிழந்தனர். லைனில் ஒரே இடத்தில் நின்று ஒரே வேலையைச் செய்தவருக்கு, லைன் நின்றால் கையில் என்ன மிஞ்சும்? பெடல் செய்யத் தெரிந்தால் வேலை கிடைத்துவிடும் என்று யாரும் வாக்குத் தர முடியாது. ஆனால் பழுதைத் தேடிக் கண்டுபிடிக்கவும், அளந்து பார்க்கவும், ஒரு பாகம் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்கவும் பழகியவர் எந்த ஆலைக்குப் போனாலும் வெறும் கையோடு போகமாட்டார்.

பத்து, பன்னிரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு வருபவரிடம் சால்டரிங் அயர்னை நீட்டலாமா என்ற கேள்வி நியாயமானது. கட்டாயமாக்கினால் அது இன்னொரு ஷிப்ட் ஆகிவிடும். விரும்புகிறவர்களுக்கு மட்டுமே இருக்க வேண்டும். விரும்புகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள். தேவாலயப் பாடகர் குழுக்களிலும் மெல்லிசைக் கச்சேரிகளிலும் கிதார் வாசிக்கும் பிள்ளைகள் இல்லாத வட்டாரம் உண்டா? கானாவையும் பறையையும் எலெக்ட்ரிக் கிதாரோடு மேடையேற்றிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரியில் சென்னையில் பாடியபோது, அந்தக் கருவி யாருக்கு உரியது என்ற பழைய எண்ணமும் உடைந்தது.

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் குடியிருப்பில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். பெடல் செய்து பழக அங்கே ஓர் அறை போதும். ஒரு நீண்ட மேசை, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் சில சால்டரிங் அயர்ன்கள், இரண்டு மல்டிமீட்டர், புகையை இழுக்க எக்ஸாஸ்ட் விசிறி, வெரோ போர்டு, ஓர் இரவல் கிதார், சின்ன ஆம்ப்ளிஃபயர். பெட்டி மட்டும் அலுமினியமாக இருக்கட்டும்; பிளாஸ்டிக்கில் வைத்தால் ஹம் உள்ளே வந்துவிடும். ஈயம் கலந்த சால்டரைத் தொட்டவர்கள் சாப்பிடும் முன் கை கழுவ ஒரு குழாய் அருகிலேயே வேண்டும். சொல்லித்தர அரசு ஐடிஐ ஆசிரியர் ஒருவரை வாரம் இரண்டு மாலை அழைக்கலாம். பகல் ஷிப்டுக்காரர்களும் இரவு ஷிப்டுக்காரர்களும் வர முடிகிற நேரமாகப் பார்த்து அறையைத் திறந்து வைக்க வேண்டும்.